ஹட்டன் மாடியில் ஒன்பது பேர்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் சுலக்ஷனா. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் என் வகுப்பில் மூன்றாவது வாங்கில் உட்கார்ந்து தமிழ் படித்தவள். இப்போது ஹட்டனில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் தாதி. நான் பென்சன் வாங்கும் வாத்தியார், எப்போதாவது கதை எழுதுகிறவன். அவள் மடியில் ஒரு புத்தகம் திறந்திருந்தது. எழுத்து எனக்குப் பிடிபடவில்லை.

"இது என்ன பாஷைம்மா?"

"ஹீப்ரு, சேர்."

இஸ்ரேலுக்கு வேலைக்குப் போக இலங்கையிலிருந்து நிறையப் பேர் முயற்சி செய்யும் காலம் இது. "வேலைக்குப் போறியா?" என்று கேட்டேன்.

"இல்ல சேர். சாமி கும்புடப் படிக்கிறேன்."

நோர்வூட் வருவதற்குள் பாதிக் கதையைச் சொல்லிவிட்டாள். மீதியை வாங்க எனக்கு இரண்டு மாதமும் நான்கு பிரதிகளும் ஆயின. எழுதச் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை போட்டாள்: ஒவ்வொரு பிரதியையும் அவளிடம் காட்ட வேண்டும். காட்டினேன். ஒரு காலத்தில் அவளுடைய கட்டுரைகளுக்கு நான் சிவப்பு மையில் செய்ததை அவள் பென்சிலால் எனக்குச் செய்து திருப்பித் தந்தாள். கீழே சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் பென்சில்.

2

முதல் ஆரம்பம்: மலையின் தோளில் பனி கை போட்டுக்கொண்டு நின்ற ஒரு காலையில், கொழுந்துகளின் மேல்—

[பனி வேணாம் சேர். அன்னைக்கு மழை. நம்மள எழுத ஆரம்பிச்சாலே எல்லாரும் பனியிலதான் ஆரம்பிக்கிறாங்க.]

இரண்டாவது ஆரம்பம்: யூத மதம் உலகின் மிகப் பழைய சமயங்களுள் ஒன்று. அதன் வழிபாட்டு முறைகளை நோக்குமிடத்து—

[இது பரீட்சைக்கு.]

மூன்றாவதை அவள் தொடவில்லை. அதனால் அதுவே கதை:

சோலைமலையின் மகள் சுலக்ஷனா, நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், வரிசை வீடொன்றில், பிறந்தாள். முப்பத்து மூன்றாவது வயதில், லண்டனில், சமய நீதிமன்றமாகக் கூடிய மூன்று பேருக்கு முன்னால் நின்று, இனி யூதப் பெண்ணாக வாழ விரும்புவதாகச் சொன்னாள். அவர்கள் மூவரும் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, சரி என்றார்கள்.

கண்டியில் தாதிப் படிப்பை முடித்துவிட்டு, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக லண்டன் போனவள் அவள். அங்கே ஹான்னா என்ற அம்மாவைச் சனிக்கிழமைதோறும் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. யூதர்கள் நாற்பது ஐம்பது பேர் அங்கே கூடிப் பிரார்த்தனை செய்வார்கள். அவர்களுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. சம்பளத்துக்கு மதகுரு இல்லை. இந்த வாரம் பிரார்த்தனையை நடத்தியவர் அடுத்த வாரம் உட்காரும் கதிரைகளை அடுக்குவார். பல் வைத்தியர் கோப்பை கழுவுவார், பஸ் சாரதி வேதம் வாசிப்பார். எந்த வேலைக்கும் ஆண், பெண் என்ற கணக்கு இல்லை.

சுலக்ஷனா பின்வரிசையில் ஹான்னாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் பார்த்தாள். மூன்றாம் வருடம் கதிரை அடுக்க எழுந்து போனாள். ஹான்னா இறந்த பிறகும் போனாள். அதன் பின் நான்கு வருடம் படித்தாள்.

யாரையாவது காதலித்தாயா என்று கேட்டேன். சிரித்தாள். பிறகு சொன்னதை அப்படியே தருகிறேன்:

"தோட்டத்துல எல்லாத்துக்கும் மேல ஒரு ஆள் உண்டு, சேர். தொரைக்குக் கீழ கணக்கப்புள்ள, அவருக்குக் கீழ கங்காணி. கோயில்ல கூட தலைவர் வந்தாத்தான் தீபம் காட்டுவாங்க. அந்த மண்டபத்துல மேல இருக்கிற ஆள நான் தேடித் தேடிப் பாத்தேன். ஒருத்தரும் இல்ல. ஆனா வேல நடக்குது. சாமியும் அங்கதான் இருக்கிற மாதிரி இருந்துச்சு."

3

அம்மா இறந்த வருடம் சுலக்ஷனா திரும்பி வந்தாள். முழங்கால் தேய்ந்துபோன அப்பாவை லயத்திலிருந்து கூட்டிக்கொண்டு ஹட்டனில் வாடகை வீடு எடுத்தாள். இந்த மலையில் தன்னைத் தவிர ஒரு யூதரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தாள். நுவரெலியாவில் பாண் வாங்கப் போன கடையில் தாலியாவைச் சந்தித்தாள். ஆர்ஜெண்டினாவில் பிறந்து, ஒரு சிங்களவரைக் கட்டிக்கொண்டு, அங்கே பேக்கரி நடத்துகிறவள் தாலியா. அவள் வழியாக நேதன் வந்தார்: அவுஸ்திரேலியாக்காரர், தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்வது தொழில். பிறகு கண்டியிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் ஆறு பேர். (அந்த ஆறு பேரின் பெயரையும் நான் தரவில்லை. நீங்கள் குழம்புவீர்கள். ஆனால் கதை முடியும்வரை அவர்கள் அந்த அறையில்தான் இருக்கிறார்கள், மறக்க வேண்டாம்.)

இடம், ஹட்டன் கடைத்தெருவில் ஸஜ்ஜாத் நானாவின் பாத்திரக் கடைக்கு மேல் மாடி. மற்ற நாட்களில் அங்கே டியூஷன் வகுப்பு நடக்கும். உலகத்தின் மறுபக்கத்தில் யுத்தம் நடக்கிற நேரத்தில் இவர்களுக்கு ஏன் இடம் கொடுத்தாய் என்று ஸஜ்ஜாத்திடம் கேட்டவர்கள் உண்டு. அவர் பதில் ஒன்றுதான்: "அந்தச் சண்டைய என்ட மாடிப்படியில ஏத்த வேணாம். அவ சோலைமலை அண்ணன்ட மக. சேந்து சாமி கும்புட இடம் கேட்டா, குடுத்தேன்."

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூடினார்கள். தூர இருந்து வருகிறவர்கள் வெள்ளிக்கிழமையே வந்து மாடியில் பாய் விரித்துப் படுப்பார்கள். சுவரில் ஒரு தாள்: மாதத்துக்கு ஒருவர் பொறுப்பு, யார் நடத்துவது, யார் வாசிப்பது, யார் சமைப்பது, யார் கூட்டுவது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் தாலியாவும் நேதனும் நானுஓயாவில் ரயிலேறி, ஒரு பெட்டி பாணோடு ஹட்டனில் இறங்கினார்கள். நான்கு வருடத்தில் ஒரு கூட்டமும் தவறவில்லை. இதைச் சொல்லும்போது சுலக்ஷனாவின் முதுகு தானாக நிமிரும். எனக்கும் நிமிர்ந்தது, எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவர்கள் செய்வதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? பூசை என்றால் நம் கோயில் நினைவு வரும். தொழுகை என்றால் பள்ளிவாசல். செபம் என்றால் மாதா கோயில். ஒவ்வொரு சொல்லையும் யாரோ முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். [நாங்க 'சேந்து சொல்றது'ன்னு சொல்லிக்கிறோம்.] மேலே 'பிரார்த்தனை' என்று நான் எழுதியிருக்கும் இடங்களில் அப்படியே வாசித்துக்கொள்ளுங்கள்.

4

இனி ஓர் எண்ணிக்கை. யூதர்கள் பத்துப் பேர் கூடினால்தான் பிரார்த்தனை முழுமையாகும். தோரா என்னும் வேதச் சுருளைத் திறந்து சபையில் வாசிக்கப் பத்துப் பேர் வேண்டும். இறந்தவர்களுக்காகப் பிள்ளைகள் எழுந்து நின்று சொல்லும் 'கதிஷ்' என்ற பிரார்த்தனைக்கும் பத்துப் பேர் வேண்டும்.

ஹட்டன் மாடியில் இருந்தவர்கள் ஒன்பது பேர்.

வருடத்தில் மூன்று நான்கு தடவை யாராவது பயணி வந்து சேர்வார், பத்தாகும். சென்ற ஒக்டோபரில், யோம் கிப்பூர் என்னும் இருபத்தைந்து மணி நேர உபவாச நாளுக்கு, அவர்கள் பெரிதாக ஒன்று செய்தார்கள். லண்டன் மண்டபத்துக்காரர்கள் தங்களிடமிருந்த ஒரு தோராச் சுருளைக் கடனாகக் கொடுத்தார்கள். தாலியா போய், விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். இலங்கையைச் சுற்றிப் பார்க்க வந்த யூதர்கள் இரண்டு பேர் தாங்களும் வருவதாக எழுதியிருந்தார்கள். ஆகப் பதினொன்று. தாளில், 'சுருளிலிருந்து வாசிப்பவர்' என்ற இடத்துக்கு நேரே சுலக்ஷனாவின் பெயர்.

அச்சுப் புத்தகத்தில் எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளிகளும் இராகக் குறிகளும் இருக்கும். சுருளில் வெறும் மெய்யெழுத்துக்கள்தான். மூன்று மாதம் படித்தாள். ஊசி போட்டு முடித்த கையோடு, மருந்து அறையில் நின்று முணுமுணுத்தாள். முதலில் தமிழில் எழுதி வைத்துப் பார்த்தாளாம். 'ப' என்று எழுதினால் எந்தப் 'ப' என்று மறுநாள் அவளுக்கே தெரியவில்லை. நம்முடைய எழுத்தை மூடி வைத்துவிட்டு அவர்களுடைய எழுத்தையே பார்த்துப் பார்த்து மனப்பாடமாக்கினாள்.

5

அன்றைக்கு மழை. (பனி இல்லை.)

பயணிகளில் மூத்தவர் பெயர் யோவாவ், ஐம்பது வயது. அவரை நான் இரண்டாவது பிரதியில் வில்லனாக்கியிருந்தேன். மெல்லிய உதடு, குளிர்ந்த கண் என்றெல்லாம் போட்டேன். [கெட்ட ஆள் இல்ல சேர். கெட்ட ஆளா இருந்திருந்தா லேசு.] சரி. யோவாவ் நல்ல மனிதர். காலையில் முதல் ஆளாக வந்து, கேட்காமலே கதிரை போட்டார். கதிரை போட்டுக்கொண்டே சுலக்ஷனாவிடம் பேச்சுக் கொடுத்தார்.*

* அங்கே எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். நான் தமிழில் எழுதுகிறேன். சோலைமலையும் ஸஜ்ஜாத்தும் பேசினது மட்டும் பேசினபடி.

"உங்கள் குடும்பம் கொச்சி யூதர்களா?"

"இல்லை. திருச்சிப் பக்கமிருந்து இங்கே கொழுந்து பறிக்க வந்தவர்கள். நான்தான் சேர்ந்தேன், லண்டனில்."

"அப்படியா! எந்த நீதிமன்றத்தில்?"

சொன்னாள். அவர் கையிலிருந்த கதிரையை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு தாலியாவைத் தேடிப் போனார்.

தாலியா அந்த மாதப் பொறுப்பு. யோவாவ் காதோடு சொன்னதைக் கேட்டுவிட்டு, "இங்கே மூலையில் பேசி முடிவெடுப்பது கிடையாது. எல்லாருக்கும் சொல்லுங்கள்" என்றாள்.

அவர் எழுந்து நின்று சொன்னார். குரலில் கடுமை இல்லை. "பெண்கள் நடத்துவதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. என் மகளும் வாசிப்பாள். ஆனால் இவரைச் சேர்த்துக்கொண்ட நீதிமன்றத்தை எங்கள் சபை ஏற்பதில்லை. இவரை எண்ணினால் நாங்கள் இரண்டு பேரும் எண்ணிக்கையில் நிற்க முடியாது. எண்ணாவிட்டால் சரியாகப் பத்து. சுருளைத் திறக்கலாம். யாருக்கும் நட்டம் இல்லை."

சுலக்ஷனா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். அவளை விட்டால் எட்டு, அவர்கள் இரண்டு, பத்து. அவளைச் சேர்த்தால் ஒன்பது. சுருள் மூடியே இருக்கும்.

அது பரவாயில்லை. ஆனால் நேதன் இருந்தார். ஜூனில் அவருடைய அம்மா மெல்பேர்னில் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. நான்கு மாதமாக ஒரு தடவைகூட அவர் பத்துப் பேர் நடுவில் நின்று கதிஷ் சொல்லவில்லை. இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார் என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும்.

பின்வரிசையில் சோலைமலை இருந்தார். மகள் வேறு சாமியைக் கும்பிடுவதில் அவருக்கு முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் கும்பிடும்போது தனியாக விட்டதும் இல்லை. மகளைச் சைகையால் கூப்பிட்டார்.

"என்னம்மா, ஏன் நிறுத்திட்டாங்க?"

"என்னையச் சேக்காம எண்ணுனா பத்து வருதாம்ப்பா."

"சேத்தா?"

"ஒம்போது. நான் வெளிய இருந்துக்கிறேன்னு சொல்லப் போறேன். நேதனுக்காக."

சோலைமலை முழங்காலைத் தடவிக்கொண்டார். "பெரட்டுக் களத்துல நாப்பது வருசம் நின்னேன். தெனம் காலையில தலைய எண்ணுனாங்க. ஓட்டுக்கு என்னைய எண்ண வந்தப்ப எனக்கு வயசு நாப்பத்தாறு. அதுவரைக்கும் ஒதுங்கி நில்லுன்னு அடுத்தவன்தான் சொன்னான். நானா ஒதுங்குனதில்ல."*

* பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலை ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடம். பிரஜாவுரிமை இல்லாமல் எங்கள் ஜனங்கள் எத்தனை வருடம் கிடந்தார்கள் என்பதை இங்கே எழுதப் போனால் கதை நின்றுவிடும். [அப்பா இவ்வளவு நீளமாப் பேசல சேர். "நானா ஒதுங்குனதில்ல"ன்னு மட்டும் சொன்னாரு. மத்தது நீங்க போட்டது. இருக்கட்டும், உண்மதான்.]

அப்பா அப்படிச் சொல்லியும் அவள் முன்னால் போய், "நான் இன்றைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் பத்துப் பேரும் ஆரம்பியுங்கள்" என்றாள். குரல் நடுங்கவில்லை என்று எழுதியிருந்தேன். [நடுங்குச்சு.]

நேதன் எழுந்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

6

நேதனை நான் நம்பவில்லை. இவ்வளவு நல்லவனாக ஒருவன் கதையில் வந்தால் வாசகர் சந்தேகப்படுவார் என்று, ஒரு பிரதியில் அவரை அடியோடு எடுத்தே விட்டேன். அவர் இல்லாமல் கதை நிற்கவில்லை. திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தப் பத்து நிமிடம் அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. சுலக்ஷனாவுக்கும் தெரியாது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தது மட்டும் இது: கடையின் தகரத்துக்கு அடியில் நேதன் நிற்கிறார். ஸஜ்ஜாத் நானா ஒரு கிளாஸ் பிளேன்டீயை நீட்டுகிறார். நேதன் கையசைத்து மறுக்கிறார். உபவாசம் என்று நினைவு வந்து ஸஜ்ஜாத் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நனைந்துபோய்த் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு நான் சொன்னால், அது என் அம்மாவுக்காகச் சொன்னதாக இருக்காது. நாம் ஒன்பது பேர். ஆரம்பியுங்கள்."

[என்னையப் பாத்துச் சொல்லல. கோவமாத்தான் இருந்தாரு. யார் மேலன்னு தெரியாது. அதுக்கப்புறம் மூணு வாரம் என்னோட சரியாப் பேசல. இதையும் எழுதுங்க.] எழுதிவிட்டேன்.

அந்தச் சபையில் ஒருவர் சொன்னால் முடிவாகாது. தாலியா ஒவ்வொருவராகக் கேட்டாள். பெயர் தராமல் விட்டேனே, அந்த ஆறு பேர், ஒருவர் பின் ஒருவராக "ஒன்பது" என்றார்கள். தாலியாவும் அதையே சொன்னாள். சுலக்ஷனாவின் முறை வந்தபோது அவள் நேதனைப் பார்த்தாள். பின்னாலிருந்து சோலைமலை, ஆங்கிலம் தெரியாவிட்டாலும் நடப்பது விளங்கி, "சொல்லும்மா" என்றார்.

"ஒன்பது" என்றாள்.

யோவாவும் நண்பரும் போய்விடவில்லை. கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய், சோலைமலைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்கள். பொழுது சாயும்வரை இருந்தார்கள்.

வெள்ளைத் துணி சுற்றிய சுருள் மேசையில் மூடியபடி இருந்தது. வாசிக்க வேண்டிய பகுதியை அச்சுப் புத்தகத்திலிருந்து, சபைக்குரிய ஆசியைச் சொல்லாமல், சுலக்ஷனா வாசித்தாள். ஒன்பது பேருக்கு அவ்வளவுதான் அனுமதி. ஆனால் சுருளுக்காகப் படித்த இராகத்தில் ஒன்றையும் குறைக்கவில்லை. புள்ளிகள் அவளுக்குத் தேவைப்படவில்லை. இரண்டாவது பக்கத்தில் பார்வையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு, எட்டு முகங்களையும் பார்த்தபடி சொன்னாள். தோட்டத்து லயத்தில் பிறந்த ஒருத்தி, யாரும் அழைக்காமல் தானே தேடிப் போன ஒரு பழைய மொழியில், ஹட்டன் கடைத்தெருவுக்குக் கேட்கும்படி வாசித்தாள். கீழே ஸஜ்ஜாத் நானா ரேடியோவை நிறுத்திவிட்டாராம்.

மாலையில் உபவாசம் முடிந்ததும் ரொட்டியும் கட்டச் சம்பலும். சோலைமலை முதல் ரொட்டியை யோவாவின் தட்டில் வைத்தார். "சாப்புடச் சொல்லும்மா. நாள் பூராப் பட்டினி கெடந்தவரு." யோவாவ் சாப்பிட்டார். பிறகு எல்லாக் கதிரைகளையும் அவரே அடுக்கினார்.

7

நான் எழுதி, அவள் அடித்த முடிவுகள்:

அ) வாசிப்பு தொடங்கும் நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம். நனைந்த பயணப் பையோடு ஒரு பெண்: 'மன்னியுங்கள், இங்கேதான் பிரார்த்தனை என்று—' [யாரும் வரல. காலடிச் சத்தம் கேட்டது நெசம். ஸஜ்ஜாத் நானா குடை எடுக்க வந்தாரு.]

ஆ) பின்வரிசையில் யோவாவ் மெல்ல எழுந்து— [எந்திரிக்கல.]

இ) அதன் பின் மலையகமெங்கும் இந்தச் செய்தி பரவி— [சேர்!]

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் சுருள் திறக்கப்படாமலே லண்டன் திரும்பியது. கூடவே தாலியா ஒரு கடிதம் வைத்தாள்: 'வாசிக்கவில்லை. நாங்கள் ஒன்பது பேராக இருந்தோம்.' லண்டனில் அதைச் சபையில் எழுந்து நின்று வாசித்தார்களாம். ஜனவரியில் இரண்டு யூத ஆசிரியைகள் கண்டிக்கு வந்தவர்கள் ஹட்டனுக்கும் வந்தார்கள். எண்ணினார்கள், சுலக்ஷனாவையும் சேர்த்து, பதினொன்று. நேதன் தன் அம்மாவுக்காகச் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

8

இங்கே முடித்திருப்பேன். போன வாரம் சுலக்ஷனா என் வீட்டுக்கு வந்து போனை நீட்டினாள்.

யோவாவின் மின்னஞ்சல். ஏப்ரலில், அவர்களுடைய பஸ்கா பண்டிகைக்கு, மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி இலங்கை வருகிறார். ஹட்டனுக்கு வர விரும்புகிறார். கடைசி வரி: 'அன்றைக்கு நான் சொன்ன விதி இன்னும் என் சபையில் விதிதான். ஆனால் உங்களோடு சேர்ந்து நின்று எண்ணப்பட விரும்புகிறேன். என்னை எண்ணுவீர்களா?'

ஏப்ரல் மாதப் பொறுப்பு சுலக்ஷனா. பதில் எழுத வேண்டியவள் அவள்தான். தாலியாவைக் கேட்டாள்; "உன் மாதம்" என்றாள். நேதனைக் கேட்டாள், அவரும் "உன் மாதம்" என்றார். அப்பாவைக் கேட்டாள். "அவரு மக வர்றாளா? என்ன சாப்புடுவா?" என்றார் சோலைமலை.

நான் சும்மா இருப்பேனா? இரண்டு பதில்கள் எழுதிக் கொடுத்தேன். ஒன்று பெருந்தன்மையாக: 'வாருங்கள், உங்களுக்கு எப்போதும் இங்கே—' மற்றது கொஞ்சம் சுருக்கென்று: 'முதலில் உங்கள் சபையிடம்—' இரண்டையும் வாசித்தாள். பென்சிலைக் கையில் எடுத்துவிட்டு, எதையும் அடிக்காமல் கீழே வைத்தாள்.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு, சேர். ஆனா ரெண்டுலயும் நீங்கதான் பேசுறீங்க."

"அப்ப கதைய எப்படிம்மா முடிக்கிறது?"

"முடிக்காதீங்க. ஏப்ரலுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. படிக்கிறவங்களக் கேளுங்க, அவங்களா இருந்தா என்ன எழுதுவாங்கன்னு."

கேட்டுவிட்டேன்.